அண்மையில் வெளிவந்த மூன்று நாவல்கள்: ஒரு வாசகப் பார்வை



புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்கள் சிலவற்றில் விந்தையானதொரு நிலைமை காணப்படுகின்றது. ஈழத்தின் கதையைத் தாய் தந்தையரின் வாயால் கேட்டறியாத பிள்ளைகள் அதனை ஆங்கில நாவல்களில் வாசித்து அறிகின்றனர். பெற்றோரோ, தமிழ்ப் பெயர் கொண்ட எழுத்தாளருக்குப் பரிசு கிடைத்ததென்ற செய்தியைக் கண்டு பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடுகின்றனர். நூலைத் திறப்பதில்லை. இவ்விரு சாராரையும் கருத்திற் கொண்டே இம்மூன்று நாவல்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, 2021இல் வெளிவந்து அவ்வாண்டின் புக்கர் பரிசு இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நார்த்'. பாட்டியைப் பராமரித்த ராணி என்ற பெண்ணின் இறுதிச் சடங்கிற்காகக் கிருஷான் என்ற இளைஞன் கொழும்பிலிருந்து வடக்கே பயணிக்கிறான். ராணி தன் இரு மகன்களையும் போரில் பறிகொடுத்தவள். கதை என்று சொல்ல இவ்வளவே உண்டு. உரையாடல்கள் நேர்க்கூற்றில் வருவதில்லை. ஒரு வாக்கியம் பக்கக் கணக்கில் நீளும். விரைவை விரும்பும் இளையோர் பாதியில் மூடிவைக்கக்கூடும். எனினும், மனத்திலேயே சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் கதையை ஆசிரியர் விரித்துரைக்கும் பகுதி தவறவிடக் கூடாதது. பெரியபுராணம் அறிந்த பெற்றோர், பிள்ளைகளுக்கு முன்னே நடக்கக்கூடிய இடம் அது. பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும், பூசலாரைத் தெரியாது.

சங்கரி சந்திரனின் 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்' 2022இல் வெளியாகி, 2023இல் ஆஸ்திரேலியாவின் மைல்ஸ் பிராங்ளின் விருதைப் பெற்றது. மேற்குச் சிட்னியில் தமிழர் நடத்தும் முதியோர் இல்லமே களம். முதியோரின் நினைவுகள் வரும் பக்கங்கள் உயிர்ப்புள்ளவை. ஆனால் இனவெறி, ஊடகம், மணமுறிவு, போர் என அனைத்தையும் ஒரே நூலில் அடக்க முயன்றதால் பாத்திரங்கள் சில இடங்களில் மேடைப் பேச்சாளர்களாகிவிடுகின்றனர்.

மூன்றாவது நூலே இம்மூன்றிலும் முதன்மையானது. அமெரிக்காவில் வளர்ந்த வி. வி. கணேசானந்தன் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' 2023இல் வெளிவந்தது. 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. 1981இன் யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதுச் சசி மருத்துவம் படிக்கக் கனவு காண்கிறாள். நான்கு சகோதரர்களுடன் பிறந்தவள். மூத்தவன் 1983 கலவரத்தில் கொழும்பில் கொல்லப்படுகிறான். பின் இருவர் இயக்கத்தில் சேர்கின்றனர். மருத்துவ மாணவியான சசி இயக்கத்தின் மருத்துவ நிலையத்தில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளிக்கிறாள். அவளது தீப்புண்ணுக்கு முட்டையை உடைத்து ஊற்றி முதலுதவி செய்த அயல்வீட்டுப் பையன் பின்னாளில் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான். 1987இல் நல்லூரில் மறைந்த திலீபனை நினையாமல் அப்பக்கங்களைக் கடக்க முடியாது. உடற்கூற்றியல் ஆசிரியை அஞ்சலி, 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட விரிவுரையாளர் ராஜனி திராணகமவை நினைவூட்டுகிறாள்.

இங்கேதான் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். அரச படையினரின் கொடுமையையும் இந்திய அமைதிப்படையின் கொடுமையையும் எழுதியவர், இயக்கத்தின் தவறுகளையும் ஏன் எழுத வேண்டும், அந்நியர் படிக்கும் மொழியில் நம் வீட்டுக் கதையை ஏன் விரிக்க வேண்டும் என்பது அவர்தம் வினா. அதன் பின்னுள்ள வேதனை உண்மையானது. எனினும் சசி எவரையும் தொலைவில் நின்று தூற்றவில்லை. அவர்கள் அவளுடைய அண்ணன்மார். அவர்களை நேசித்துக்கொண்டே கேள்வி கேட்கிறாள். அந்த நேசம் இல்லாதிருந்தால் இந்நூல் வெறும் குற்றப்பத்திரிகையாக முடிந்திருக்கும். அந்நிய வாசகருக்காக அளிக்கப்படும் விளக்கங்கள் சற்று மிகுதி என்பது மட்டுமே குறை; யாழ்ப்பாணத்தார்க்கு அவை சலிப்பூட்டலாம்.

வாசிக்கத் தொடங்குவோர் இந்நூலிலிருந்தே தொடங்கலாம். ஆங்கில வாசிப்பில் தயக்கமுள்ள பெற்றோர், பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஊர்ப் பெயர்களின் உச்சரிப்பைத் திருத்தியவாறே கேட்கலாம். அமைதிப்படைக் காலத்து அத்தியாயங்களில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமை இடம்பெறுவதால், பதினைந்து வயதுக்குட்பட்டோரிடம் நூலைக் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் அவற்றைப் படித்துப் பார்த்துவிடுதல் நன்று.