பொருளியல் பரிசும் பொதுமக்கள் கருத்தும்



ஆண்டுதோறும் அக்டோபர் திங்களில் ஸ்டாக்ஹோமிலிருந்து பொருளியல் பரிசு அறிவிக்கப்படும்போது, பாராட்டும் கண்டனமும் பல வேளைகளில் ஒருங்கே எழுகின்றன. பொருளியல் கோட்பாடு ஏட்டோடு நின்றுவிடாது. வரியாகவும், விலையாகவும், கூலியாகவும் மக்களின் இல்லம் புகும். பூசல் எழுவதற்கு அதுவே காரணம்.

இப்பரிசு ஆல்ஃபிரட் நோபலின் உயிலில் இடம்பெற்றதன்று. ஸ்வீடன் நாட்டு மத்திய வங்கி தனது முந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டி, 1968-ஆம் ஆண்டில் நோபலின் நினைவாக இதனை நிறுவியது. முதற் பரிசு 1969-இல் ஃபிரிஷ், டின்பெர்கன் ஆகிய இருவருக்கும் வழங்கப்பெற்றது.

1974-ஆம் ஆண்டில் திட்டமிடுதலை ஆதரித்த குன்னர் மிர்தாலும், மையத் திட்டமிடுதலைக் கடுமையாக எதிர்த்த ஹயெக்கும் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவ்விழா விருந்தில் பேசிய ஹயெக், பொருளியலில் எந்தத் தனிமனிதருக்கும் இருக்கத் தகாத அதிகாரத்தை இப்பரிசு அளித்துவிடும் என எச்சரித்தார். இயற்கை விஞ்ஞானி வரம்பு மீறினால் சக விஞ்ஞானிகள் திருத்துவர். பொருளியல் அறிஞரின் சொல்லோ அரசியல்வாதிகளையும், அதிகாரிகளையும், பொதுமக்களையும் எளிதில் ஆட்கொள்ளும் என்பது அவர் கருத்து.

1976-இல் மில்டன் ஃபிரீட்மன் பரிசு பெற்றபோது எதிர்ப்பு வீதிக்கே வந்தது. இராணுவ ஆட்சியிலிருந்த சிலி நாட்டிற்கு 1975-இல் அவர் சென்று வந்ததைச் சுட்டி, நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் சிலர் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினர். விழா மண்டபத்தினுள்ளும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆயினும் பரிசுக் குழு காட்டிய காரணங்கள் நுகர்வு, பணவியல் வரலாறு, நிலைப்படுத்தும் கொள்கை ஆகியன பற்றிய அவருடைய ஆய்வுகளேயாகும். ஆய்வை எடைபோடுவது ஒன்று. ஆலோசகர் என்ற முறையில் அவரது பொறுப்பை எடைபோடுவது வேறொன்று. இரண்டும் தேவையே; ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

1998-இல் அமர்த்தியா சென் பரிசு பெற்றபோது இந்தியா பெருமிதம் கொண்டது. 1999-இல் பாரத ரத்னா விருதும் வழங்கப்பெற்றது. அப்பெருமிதம் இயல்பானதே. எனினும் அவரது ஆய்வு கூறுவது என்ன என்பதே நிர்வாகிகளுக்கு முக்கியம். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த சென், அவ்வாண்டின் உணவு இருப்பு, பஞ்சமில்லாத 1941-ஆம் ஆண்டைவிடக் குறைவாக இல்லை என்று காட்டினார். விலை ஏறியது, விவசாயக் கூலிகளின் வாங்கும் சக்தி வீழ்ந்தது. கிடங்கில் உள்ள தானியத்தை மட்டும் கணக்கிடும் அதிகாரியின் கண்ணுக்கு இவ்வுண்மை புலப்படாது. இம்முடிவையும் பிற அறிஞர்கள் புள்ளிவிவரங்களைக் கொண்டு மறுத்து விவாதித்துள்ளனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆகவே, பரிசு பெற்றவர் கூறினார் என்பதற்காக ஒரு கொள்கையை ஏற்பதும், அவர் மாற்று அணியினர் என்பதற்காகத் தள்ளுவதும் ஒரே வகைத் தவறுகளாகும். அக்கொள்கை எந்த நாட்டில், எந்தச் சான்றுகளைக் கொண்டு உருவாயிற்று, அதனால் ஏற்படும் சுமை யார்மீது விழும் என்பவற்றை மாணவர்கள் வகுப்பறையிலும், அதிகாரிகள் கோப்பில் கையொப்பமிடுமுன்னரும் வினவுதல் வேண்டும்.