படைவீரன் இல்லத்து மழலை

ஊவா மாகாணத்திலே, பதுளைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே தியத்தலாவை என்றொரு நிலையம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில் அந்நிலையத்து வாங்கு ஒன்றில் வண்டியை எதிர்நோக்கி அமர்ந்திருந்தேன். என் அருகே, பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். அவருக்கு அப்பால் இளம் சிங்களத் தாய் ஒருத்தி. அவள் மடியில் இரண்டு வயது நிரம்பாத ஆண் மகவு.

சீருடை அணிந்த படைவீரர் ஒருவர் மேடை வழியே நடந்து வந்தார். குழந்தை இரு கைகளையும் நீட்டி, "தாத்தா! தாத்தா!" என்று கூவியது. அவர் புன்னகை புரிந்து சென்றார். சிறிது பொழுதில் வேறொரு வீரர் வந்தார். அவரையும் "தாத்தா!" என்றது. மூன்றாமவருக்கும் அதே அழைப்புத்தான்.

தமிழில் தாத்தா என்றால் பாட்டன். சிங்களத்தில் அச்சொல்லுக்குத் தந்தை என்பது பொருள். மூதாட்டிக்கு இது தெரியாததன்று. "அப்பா எங்கேயம்மா?" என்று தமக்குத் தெரிந்த சிங்களத்திலே அவர் வினவினார். "வடக்கே முகாமில், ஆச்சி. ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வருகிறார். இவனுக்கு உடுப்பைத் தெரியும், முகம் மறந்து போயிற்று" என்றாள் அந்த இளந்தாய்.

வண்டி வந்தது. தோளில் பையுடன், சீருடையின்றிச் சாதாரணச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் இறங்கி, விரைந்து வந்து கைகளை நீட்டினார். அயலார் மூவரைத் தந்தையென்று அழைத்த அக்குழந்தை, பெற்ற தந்தையைக் கண்டதும் தாயின் கழுத்திலே முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதது. நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன.

அதன்பின் நிகழ்ந்ததைப் பேச்சின் முடிவிற் சொல்கிறேன். அதற்கு முன், படைத்தொழிலில் உள்ளவனுடைய இல்லத்திலே ஒரு சிறு குழந்தை எவ்வாறு வளர்கின்றது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

தியத்தலாவை 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே அமைந்த ஊர். தென்னாபிரிக்காவிலே பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்ட போவர் மக்கள் 1900ஆம் ஆண்டில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். இலங்கைக்கு வந்த போர்க் கைதிகள் சுமார் 5,000 பேர். அவர்களிலே மிகுதியானோர் தியத்தலாவையின் தகரக் கூரைக் கொட்டகைகளில் அடைபட்டிருந்தனர். அவ்வேளையில் அவர்களுடைய நாட்டிலே, போவர் பெண்டிரும் பிள்ளைகளும் வேறு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். அம்முகாம்களிலே நோயாலும் பசியாலும் மாண்ட சிறுவர் தொகை 20,000க்கு மேற்படும். பிள்ளையின் முகத்தை இனிக் காணவே இயலாது என்ற செய்தியைத் தந்தையர் பலர் இந்தக் குன்றுகளின் நடுவேதான் பெற்றிருத்தல் வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் 1949ஆம் ஆண்டில் இலங்கைத் தரைப்படை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே தியத்தலாவையில் அதன் பயிற்சி நிலையம் தொடங்கியது. அன்றுதொட்டு இன்றுவரை, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் இங்கு வந்து பயிற்சி பெற்றுச் செல்கின்றனர். ஊவாவின் சிற்றூர்களிலிருந்து படையிற் சேர்ந்தவர்களும் பலர்.

படைவீரன் குடும்பம் என்றவுடன் முகாமுக்குள்ளே விடுதியும் தோட்டமுமாக ஓர் இல்லத்தை நாம் கற்பனை செய்துகொள்ளக் கூடும். அந்த வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டுவதில்லை. பலருடைய மனைவி மக்கள் ஊரிலேயே, பெற்றோர் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ வாழ்கின்றனர். வீரனோ தொலைதூர முகாமில் இருக்கின்றான். விடுமுறை கிடைக்கும்போது பேருந்திலும் புகைவண்டியிலும் ஒரு நாளைச் செலவிட்டு வருகின்றான். சில நாள் கழித்துத் திரும்புகின்றான். குடும்ப வாழ்வின் மற்ற நாள்களெல்லாம் தாயின் தலைமேல் விழுகின்றன.

அவள் வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? மலைநாட்டுக் குளிரிலே விடியுமுன் எழுந்து தண்ணீர் சுட வைக்கின்றாள். குழந்தை எழுவதற்குள் பாதி வேலையை முடித்தல் வேண்டும். எழுந்தபின் அதன் கை படாத பாத்திரம் இல்லை. அது ஏறாத படியும் இல்லை. சந்தைக்குப் போனால் ஒரு கையில் பை, மறு இடுப்பிலே பிள்ளை. மாதந்தோறும் நிறை பார்க்கும் நாளில், மருத்துவமாது வரும் நிலையத்துக்குத் தனியே செல்கின்றாள். நள்ளிரவிலே காய்ச்சல் கண்டால், மூடுபனியில் அயல் வீட்டுக் கதவைத் தட்டி முச்சக்கர வண்டிக்கு ஆள் அனுப்புகின்றாள். மறுநாள் காய்ச்சல் தணிந்தபின்பே கணவனிடம் தொலைபேசியில், "நேற்றுச் சற்றே உடம்பு சுட்டது, இப்போது நலம்" என்கின்றாள். அவனும் தன் முகாமில் நேர்ந்த இன்னல்களைச் சொல்வதில்லை. இருவரும் ஒருவரையொருவர் காப்பதற்காகவே பாதியை மறைத்துப் பேசுகின்றனர். இந்த மறைப்பை நாம் பொய்யென்று இகழலாமா?

பெரியோர் இவ்வாறு ஒருவாறு சமாளித்துக் கொள்வர். குழந்தையின் நிலை வேறு. நமக்கு நாள்காட்டி உண்டு. "அடுத்த மாதம் பத்தாம் தேதி" என்றால் நம் மனம் ஆறுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளை என்பதே தெளிவற்ற சொல். அண்மைக் காலத்திலே நம் நாட்டுப் படையினர் ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிக்காக எயிட்டி, லெபனான், மாலி முதலிய தேசங்களுக்குச் சென்றனர். அத்தகைய பணி ஓராண்டு நீடித்தால், முப்பது வயதுத் தந்தைக்கு அது வாழ்நாளில் முப்பதில் ஒரு பங்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கோ அது வாழ்நாளிற் பாதி.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு நாள் மருத்துவமனையிலே தங்க நேர்ந்தபோது அவள் மனம் பட்ட பாட்டை அது காட்டியது. பிரிவுக்குள்ளான குழந்தை முதலில் அழுது எதிர்க்கும், பின்னர் சோர்ந்து அடங்கும், அதன் பின்னர் பற்றற்றதுபோல் ஒதுங்கும் என்று அவர் கண்டார். குழந்தை அடங்கிவிட்டதைக் கண்டு "பழகிவிட்டது" என்று பெரியோர் மகிழ்வதுண்டு. அந்த அடக்கம் ஆறுதலாகாது, அதுவும் துயரத்தின் ஒரு படியே என்பது அவர் கண்ட உண்மை.

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் நகரிலே அன்னா பிராய்ட், டோரதி பர்லிங்காம் என்னும் இரு பெண்மணிகள் குழந்தைகள் இல்லங்களை நடத்தினர். போர்முனைக்குச் சென்ற தந்தையரைச் சில தடவைகளே கண்டிருந்த குழந்தைகளும், அத்தந்தையரைப் பற்றி நாள்தோறும் பேசியதை அவர்கள் குறித்து வைத்தனர். கண்ணெதிரே இல்லாத ஒருவரைக் குழந்தை தன் மனத்திலே வைத்துக்கொள்ள வல்லது என்பது இதனாற் புலனாகிறது. ஆனால் அதற்கு வேண்டிய பொருளைச் சுற்றியுள்ளோர் நாள்தோறும் எடுத்துக் கொடுத்தல் வேண்டும்.

இந்த அறிவை நாம் கடல் கடந்துதான் பெற வேண்டுமென்பதில்லை. தியத்தலாவையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே அது நெடுங்காலமாக இருந்து வருகின்றது.

தோட்டத்திலே காலையில் தொழிலாளர் கூடும் இடத்தைப் பெரட்டுக்களம் என்பர். பெரட்டு என்னும் சொல், படையினர் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. அன்று தப்பொலி கேட்டுத் தோட்டத்தார் எழுந்தனர். ஊதுகொம்பொலி கேட்டுப் படையினர் எழுந்தனர். ஒரே மலைத்தொடரின் இரு பக்கத்திலும் ஒரே பெயர் கொண்ட அழைப்பு, பெற்றோரைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து அழைத்துச் சென்றது.

கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், தன் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டுச் செல்வாள். இக்காலத்தில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று வழங்குகின்றது. முன்னாளில் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் மலைக்கு ஏற முடியாத மூதாட்டியர். புகையும் நெருக்கமும் நிறைந்த அறைகளாய்ப் பல இருந்தன. அக்குறைகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அம்மூதாட்டியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அழும் பிள்ளையிடம் "அம்மா இல்லை" என்று அவர்கள் சொல்லார். "அம்மா மலைக்குப் போயிருக்கா. கூடை நிறைஞ்சதும் வருவா" என்பார்கள். மணிக்கணக்கு அறியாத குழந்தைக்குக் கூடை தெரியும். கூடை நிறைவதும் தெரியும்.

படைவீரன் மனையிலும் இதனையே செய்யலாம். தந்தை எங்கே என்றால் "வேலைக்குப் போயிருக்கிறார், வேலை முடிந்ததும் வருவார்" என்று ஒரே சொல்லிலே, வீட்டார் அனைவரும் ஒன்றுபோற் கூறுதல் நன்று. அவருடைய படத்தைப் பெரியோர் கண்ணுக்குரிய உயரத்தில் மாட்டாமல், குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம். சீருடைப் படம் மட்டும் போதாது. சாரம் கட்டி முற்றத்தில் நிற்கும் படமும் வேண்டும். இல்லையேல் குழந்தை உடுப்பையே தந்தையென்று கொள்ளும். இக்காலத்துக் கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசும் வசதி பெரிய கொடை. ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் திரைமுன் அமர்த்தலாகாது என்று அறிவுரைக்கும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதை மட்டும் அதற்கு விலக்காக வைத்துள்ளது.

இன்னொன்று. புறப்படும் நாளிலே குழந்தை உறங்கும் வேளை பார்த்துத் தந்தை நழுவிச் செல்லும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அழுகையைக் காணச் சகியாமையே காரணம். ஆனால், விழித்தெழுந்து தேடும் குழந்தைக்கு, அன்புடையோர் சொல்லாமல் மறைவர் என்ற பாடமே மிஞ்சுகின்றது. அதன்பின் தாய் கிணற்றடிக்குச் சென்றாலும் அது அலறும். அழட்டும். அழுதாலும் சொல்லிக்கொண்டு போவதே நேர்மை.

நேயர்களே, படைவீரன் குடும்பத்தைப் பற்றித் தமிழ் ஒலிபரப்பிலே இத்துணை பரிவுடன் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். அந்நினைவை நான் குறை கூறேன். 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே, சீருடையைக் கண்டு நடுங்கிய குழந்தைகள் நம்மவர் இல்லங்களில் வளர்ந்தனர். தந்தை திரும்பாத வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. திரும்பாத வீரர்களின் வீடுகள் ஊவாவின் சிங்களச் சிற்றூர்களிலும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பதைப் பெரியோர் வழக்காடலாம். வாசலைப் பார்த்திருந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அவ்வழக்கில் பங்கில்லை.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியில், மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின்மேல் மலை சரிந்து விழுந்தது. காலையிலே பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது, வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை என்ற நிலை சிலருக்கு நேர்ந்தது. அச்சேற்றிலே இறங்கித் தோண்டித் தேடியவர்களுள் படையினரும் இருந்தனர். தம் பிள்ளைகளை எங்கோ விட்டு வந்தவர்கள், பிறர் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடினார்கள். 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சிதைத்தபோதும் படையினர் மீட்புப் பணிக்கு வந்தனர். இந்நிகழ்ச்சிகள் பழைய துயரத்தை ஈடுசெய்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. அயல் வீட்டு வாழ்வை அறிவதற்கு அவை ஒரு வாயில் என்றே சொல்கிறேன்.

இனி, தியத்தலாவை நிலையத்துக்குத் திரும்புவோம்.

அழும் மகனை நோக்கிக் கைகளை நீட்டியபடி அத்தந்தை நின்றார் அல்லவா? அவர் முகம் வாடிவிட்டது. தாயோ நாணத்தால், "போடா, தாத்தாவிடம் போ" என்று குழந்தையை வலிந்து பெயர்க்க முயன்றாள். அப்போது நம் மூதாட்டி எழுந்து, "மகனே, பிள்ளையை இழுக்காதே. பையைக் கீழே வை. நீயும் உட்கார். அவனே வருவான்" என்றார். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அநுபவத்தின் குரல் அது.

அவ்வீரர் பணிந்து வாங்கின் ஓரத்திலே அமர்ந்தார். மகனைப் பாராமல், மனைவியோடு மெல்லப் பேசலானார். குழந்தையின் அழுகை விம்மலாயிற்று. விம்மல் ஓய்ந்தது. தாயின் தோளுக்கு மேலாக ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல இறங்கி வந்து, முதலிலே பையைத் தொட்டது. அடுத்து அதன் வாரைப் பிடித்து இழுத்தது. ஈற்றிலே, அந்த வாரைப் பற்றியிருந்த விரலைத் தொட்டது. அவர் அசையவில்லை. கண்கள் மட்டும் கலங்கின.

அதற்குள் என் வண்டி வந்துவிட்டது. நான் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். குழந்தை "தாத்தா" என்று இன்னும் அழைக்கவில்லை. ஆயினும் அவர் விரலை விடவுமில்லை. மூதாட்டி தம் மூட்டையை எடுத்துக்கொண்டு, அவர்கள் பக்கம் பாராமலே, தோட்டத்துப் பாதையிலே நடந்துகொண்டிருந்தார்.