ஓட்டு வீணாப் போயிடுமா?

(ஆலத்தியூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்கிறப்ப நீங்க அதிகமாக் கேட்ட பதில் எது? "நல்ல ஆளுதான் தம்பி, ஆனா ஜெயிக்க மாட்டாரே, எதுக்கு ஓட்டை வீணாக்கணும்?" அப்படிச் சொல்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் கணக்குப் போடுகிறார். போட வைப்பது நம்ம தேர்தல் முறை.

ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் ஜெயித்தார், அவ்வளவுதான். 2019-ல் நம்ம சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 3,219. மூன்றாம் இடம் வந்தவர் வாங்கியது 60,000-க்கு மேல். "உங்க ஆள் இல்லைன்னா அடுத்து யாரு?" என்று அந்த அறுபதாயிரம் பேரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முடிவு மாறாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்க வழியே இல்லையே!

2014-ல் அ.தி.மு.க. வாங்கியது 45 சதவீதத்துக்கும் குறைவு. கிடைத்தது 39-ல் 37 இடம். தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சார முறை இருந்திருந்தால் இப்படி நடக்குமா?

இன்னொன்று விருப்ப வரிசை முறை. குடியரசுத் தலைவர் தேர்தலில் நம்ம எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று எண் போடுகிறார்கள். அவர்களுக்கு உள்ள வசதி நமக்கு ஏன் இல்லை?

எந்த முறையும் மந்திரக்கோல் இல்லை, அதையும் சொல்லணும். இலங்கையில் 2024 அதிபர் தேர்தலில் யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காமல், முதல் முறையாக அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். முதல் இரண்டு பேருக்குச் சேர்ந்தது 3 லட்சத்துக்கும் குறைவு. பலர் ஒரே பெயரோடு நிறுத்திவிட்டார்கள். மக்களுக்குப் பழக்க வேண்டும். விகிதாச்சார முறையிலும் எந்தக் கட்சி யாரோடு கூட்டணி சேரும் என்ற கணக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் பிடித்தவருக்குப் போடவே பயப்படும் நிலை குறையும்.

எங்கே தொடங்கலாம்? உள்ளாட்சியில்! ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் 243-கே பிரிவின்படி நம்ம சட்டமன்றத்துக்கே உண்டு. 2019-ல் கிராமங்களில் வாக்குச்சீட்டில்தானே முத்திரை குத்தினோம்? குத்துவதற்குப் பதில் எண் எழுதினால் போதும். ஊராட்சித் தலைவர் தேர்தலில் முதலில் செய்து பார்க்கட்டும்.

அதுவரை அந்த வாக்காளரிடம் என்ன சொல்வது? போன தடவை வித்தியாசம் எவ்வளவு என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். நூறு, இருநூறில் முடிந்த தொகுதி என்றால் அவர் கணக்கில் நியாயம் உண்டு. வித்தியாசம் பல்லாயிரம் என்றால், மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுவதில் அவருக்கு என்ன நஷ்டம்? சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் முழுக்க 8 சதவீதம் வாங்கினால், ஓர் இடம்கூட ஜெயிக்காமலே ஒரு கட்சி அங்கீகாரம் பெறலாம். பிறகு அந்த ஓட்டு எப்படி வீணாகும்?

நாளைக்கு உங்க தெருவில் இதைப் பேசுங்க. கேட்ட பதிலைக் கீழே எழுதுங்க, நண்பர்களுக்கும் பகிருங்க.