கேட்ட கதையும் செதுக்கிய கையும்
(கலை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸ் குடில் என்றதும் நம் மனக்கண்ணில் பெரும்பாலும் ஒரே காட்சிதான் வரும்: வெளுத்த முகங்கள், நீல முக்காடு, வைக்கோல். நைஜீரியாவின் யொருபா சிற்பிகள் மரத்தில் செதுக்கிய குடில் வேறு மாதிரியானது. அங்கே குழந்தையைக் காண வரும் ஞானிகள் யொருபா அரசர்களின் கோலத்தில் வருகிறார்கள்.

1947ஆம் ஆண்டு ஓயே எகிட்டி என்னும் ஊரில் ஒரு கைவினைப் பட்டறை தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்களில் ஒருவர் கெவின் காரல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அங்கே செதுக்கியவர் ஜார்ஜ் பண்டேலே. அரேயோகுன் என்ற பெரும் சிற்பியின் மகன். பண்டேலேயிடம் தொழில் பழகியவர் லமிடி ஃபகேயே. பரம்பரைச் சிற்பக் குடும்பத்தில் பிறந்தவர், இஸ்லாமியர்.

காரல் ஐரோப்பியச் சிலையைக் கொண்டுவந்து வைத்து, "இதைப் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லவில்லை. கதையைத் தந்தார், வடிவத்தைச் சிற்பிகளிடம் விட்டார். தாயும் சேயும், குதிரைமேல் அரசர், மண்டியிட்டு வணங்குபவர் ஆகிய உருவங்களெல்லாம் யொருபா மரபில் முன்பே இருந்தவை. கதைதான் புதிது, கைக்கு அது புதிதல்ல.

வேலை நான்கு படிகளில் நடக்கும். கோடரியாலும் வாய்ச்சியாலும் கட்டையில் முதலில் பெரும் உருவம் எடுப்பார்கள். பிறகு கண், காது, கை எனப் பகுதிகளைப் பிரிப்பார்கள். மூன்றாவதாக மேற்பரப்பை வழவழப்பாக்குவார்கள். கடைசியில் கத்தி முனையால் முடி, ஆடைக்கோலம் போன்ற நுணுக்கங்களைக் கீறுவார்கள்.

அந்த உருவங்களில் தலை பெரிதாக இருக்கும். உடல் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நம் ஓவிய வகுப்பாக இருந்தால் 'அளவு தவறு' என்று சிவப்பு மையில் எழுதிவிடுவோம். ஆனால் யொருபா மக்களுக்கு 'ஒரி' எனப்படும் தலையே ஒருவரின் விதி தங்கும் இடம். பெரிய தலைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

எதிர்ப்பும் இருந்தது. "பழைய தெய்வச் சிலைகள் போல இருக்கின்றனவே" என்று கிறிஸ்தவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். 1954இல் பட்டறை மூடப்பட்டது. சிற்பிகளின் கை ஓயவில்லை. ஃபகேயே பின்னாளில் இலே இஃபே பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தார்.

இதைப் படித்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஒருமுறை சிங்கமும் முயலும் கதை சொல்லிப் படம் வரையச் சொன்னேன். ஒரு மாணவி, சிங்கம் சிமெண்ட் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதாக வரைந்திருந்தாள். "கிணறு இப்படியா இருக்கும்?" என்று அழிக்கச் சொல்லி, கரும்பலகையில் நானே ஒரு கிணறு வரைந்தேன். அன்று எல்லாக் குறிப்பேடுகளிலும் ஒரே கிணறு. அவள் தெருவில் கிணறே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கதையை அவள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தாள், அழித்தது நான்தான்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை கதை சொல்லி வரையச் சொல்லும்போது, முதல் பாடவேளையில் பலகையில் எதையும் வரையாதீர்கள். விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் திருத்துவதற்கு முன், "இது ஏன் இப்படி?" என்று குழந்தையிடம் கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் திருத்த வேண்டியிருந்தால் திருத்தலாம்.