கணையத்தைக் காட்டிய காந்தம்



"சுகர் வந்தா வந்ததுதான், ஆயுசுக்கும் மாத்திரைதான்." இந்தப் பேச்சு கேட்காத வீடு நம் ஊரில் உண்டா? டாக்டர்களும் நெடுங்காலம் அதைத்தான் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை அசைத்துப் பார்த்தது ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்!

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர், கல்லீரலிலும் கணையத்திலும் சேரும் கொழுப்புதான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் வேர் என்று 2008-இல் சொன்னார். சொன்னால் போதுமா? காட்ட வேண்டாமா? கணையமோ இரைப்பைக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும் உறுப்பு. ஊசி விட்டுச் சதை எடுப்பது ஆபத்து. அங்கேதான் எம்.ஆர்.ஐ. கைகொடுத்தது. பலமான காந்தத்துக்குள் நம் உடம்பின் நீரும் கொழுப்பும் சற்றே வேறுபட்ட அலைவரிசையில் பதில் தருகின்றன. அந்த மெல்லிய வேறுபாட்டை வைத்தே, எந்த உறுப்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று கணக்கிட்டுவிடலாம். கத்தி வேண்டாம். எக்ஸ்ரே கதிரும் இல்லை என்பதால், ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கலாம்.

2011-இல் டெய்லரின் ஆய்வு முடிவு வந்தது. 11 நோயாளிகள், நாளுக்குச் சுமார் 600 கலோரி, 8 வாரம். ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கியது, வெறும் வயிற்றுச் சர்க்கரை சீரானது! கணையம் அவ்வளவு அவசரப்படவில்லை. எட்டு வாரத்தில் அதன் கொழுப்பு 8 சதவீதத்திலிருந்து 6.2-க்குத்தான் வந்தது. ஆனால் அந்தச் சிறு இறக்கத்தோடு, செத்துவிட்டது என்று நினைத்த இன்சுலின் சுரப்பு எழுந்து வந்தது. இந்த நூற்றாண்டின் மிக நம்பிக்கையான மருத்துவப் படங்களில் ஒன்று என்று அந்தக் கணையப் படத்தைச் சொல்வேன்.

பதினொரு பேர் போதுமா என்று கேட்டவர்களுக்கு, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்த டைரெக்ட் ஆய்வு 2017-இல் பதில் சொன்னது. எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு, ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே நோய் தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சையில் 4 சதவீதம்தான்.

"நான் ஒல்லிதானே" என்பவர்களும் கேளுங்கள். 2023-இல், பருமனே இல்லாத 20 பேரை டெய்லர் குழு ஆராய்ந்தது. எடையைக் குறைத்ததும் 14 பேருக்கு நோய் தணிந்தது. குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடும் நம் மக்களுக்கு இது பெரிய சேதி.

நோய் கண்டு ஆறாண்டுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள்தான் டைரெக்ட் ஆய்வில் இருந்தார்கள். ஆகவே நாள் கடத்தாதீர்கள். புதிதாகச் சுகர் கண்டவர்கள் நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போய், "எடையைக் குறைத்தால் எனக்கு இது தணியுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். ஆனால் கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்!