பெட்டியில் கிடக்கும் பழங்காசுகள்



சம்பளக் கணக்கைப் பேசும்போது நாம் இன்றும் "வெள்ளி" என்றே சொல்கிறோம். இன்றைய ரிங்கிட்டில் வெள்ளி உலோகம் கடுகளவும் இல்லை. ஆயினும் அச்சொல் பொய்யன்று. ஒரு காலத்தில் ஸ்பெயின் நாட்டு வெள்ளிக் காசும் மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசும் கப்பலேறி வந்து இந்நாட்டுத் துறைமுகங்களில் கைமாறின. அவற்றின் விளிம்பு பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தது. அத்தகைய விளிம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே ரிங்கிட். மலாய் மக்கள் விளிம்பைப் பார்த்துப் பெயரிட்டனர். நாம் உலோகத்தைப் பார்த்துப் பெயரிட்டோம்.

1903ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம் தனக்கென ஒரு வெள்ளி நாணயத்தை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 27 கிராம்; பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. வெள்ளியின் விலை ஏறவே, 1907இல் அது 20 கிராமாகச் சுருங்கியது. 1919இல் வெளிவந்ததிலோ பாதிதான் வெள்ளி. பெயரும் மதிப்பும் மாறவில்லை. உள்ளிருந்த பொருள் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

ஆயினும் நம் மூத்தோர் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பவை அப்பெரிய நாணயங்கள் அல்ல. 10 காசும் 20 காசும்தாம். 1920களின் இறுதியில் அரசாங்கம் வகுத்த விகிதப்படி, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. ஆகவே, உங்கள் பாட்டியார் முடிந்து வைத்த இரண்டு 20 காசு நாணயங்கள், விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பால்வாளி சுமந்த ஒரு முழுநாளின் கூலியாகும்.

அக்கூலி அரசாங்க நாணயமாகக் கைக்கு வந்தது சிறு செய்தியன்று. சுமத்திராவிலும் வட போர்னியோவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையிலைத் தோட்டங்கள் பல, தாமே அடித்த உலோக வில்லைகளைத் தொழிலாளருக்கு அளித்தன. டோக்கன் என்பது இதுவே. தோட்டத்துக் கடையில் அதற்கு அரிசி கிடைக்கும். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் அது வெறும் தகடு. விலை கூடுதல் என்று வேறு கடைக்குப் போகவோ ஊருக்குப் பணம் அனுப்பவோ வழியில்லை. உழைத்தவன் கையில் கொடுத்ததை முதலாளியே தம் கடை வழியாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதனைக் கூலி என்று அழைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

எல்லா வில்லைகளும் இத்தகையன என்று எண்ணிவிடலாகாது. சிங்கப்பூர் வணிகர்கள் சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க இங்கிலாந்தில் செப்புக் காசுகளை அடித்து வரவழைத்தனர். ஒரு புறம் சேவல். அதன்மேல் ஜாவி எழுத்தில் "தானா மலாயு", அதாவது மலாய் நிலம். பலவற்றில் ஹிஜ்ரி 1247 என்னும் ஆண்டு காணப்படும்; அது கி.பி. 1831ஐ ஒட்டியது. மக்கள் இதனைக் கோழிக்காசு என்ற பொருளில் "டூயிட் ஆயாம்" என்றனர். ஊரெங்கும் செல்லுபடியானதால் இது மக்களுக்குப் பயன்பட்டது.

ஜப்பானியர் ஆட்சியில் வந்த வாழைமர நோட்டுகளைப் பற்றி வீட்டில் கேட்டிருப்பீர்கள். 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அவை செல்லாதவை ஆயின. மூன்றரை ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. அந்நோட்டுகள் இன்றும் மிகுதியாகக் கிடைப்பதால் பெரும்பாலானவற்றிற்குப் பெரிய விலை இல்லை. அரும்பொருள் என்று சொல்லி எவரேனும் கூடுதல் விலைக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பழஞ்சாமான் வாங்குவோரிடம் காசுகளை நிறுத்து விற்கும் வழக்கமும் உண்டு. விற்குமுன் ஆண்டைப் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த மலாயா 20 காசில், 1939 என்றிருந்தால் நான்கில் மூன்று பங்கு வெள்ளி. 1943, 1945 என்றிருந்தால் பாதி வெள்ளி. 1948, 1950 என்றிருந்தால் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தாம். தோற்றத்தில் மூன்றும் உடன்பிறப்புகள் போலிருக்கும்.

தாய்மார்கள் புளியும் சாம்பலும் இட்டுக் குத்துவிளக்கை விளக்குவது போல் காசையும் விளக்கிவிடுகின்றனர். வேண்டாம். தேய்த்துப் பளபளக்கும் காசைவிடக் கறுத்த காசையே சேகரிப்போர் விரும்புவர். விளிம்பைப் பிடித்து எடுத்து, தனித்தனிக் காகித உறையில் ஈரமில்லா இடத்தில் வையுங்கள். ஒரு சிறு காந்தமும் உடனிருக்கட்டும். பழைய வெள்ளிக் காசு அதில் ஒட்டாது. 1967ஆம் ஆண்டின் வெண்கல ஒரு சென்னும் ஒட்டாது. பின்னாளில் எஃகின்மேல் செம்பு பூசி வெளிவந்த ஒரு சென் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு மாலைப்பொழுது போவதே தெரியாது.