கால் நரம்புச் சுருட்டும் கடை நாற்காலியும்

(ஜமாஅத் வணிகர்கள் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பள்ளியில் கடைசி ஸஃப்பில் நாற்காலியிட்டுத் தொழும் சகோதரர் ஒருவர் உண்டு. வயது நாற்பதைத் தாண்டவில்லை. பகல் முழுதும் துணிக்கடையில் நிற்க முடிந்தவருக்குத் தொழுகையில் நிற்க முடியாதா என்று சிலர் முணுமுணுத்தனர். அந்த முணுமுணுப்பு நம் உள்ளத்திலும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஒரு நாள் ஒளூச் செய்யுமிடத்தில் அவர் கைலியை உயர்த்தியபோது கண்டோம். கெண்டைக்காலில் நீலநிறத்தில் கயிறு போல் முறுக்கிய முடிச்சுகள். கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துத் தடித்து, நடுவே ஆறாத புண். ஒரே கடையில் பத்தொன்பது ஆண்டுகள், காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை நின்றவர் அவர். பகலில் நின்றதனாலேயே இரவில் நிற்க இயலாதவரானார்.

இதனை நம் பகுதியில் ‘நரம்பு சுருட்டிக் கொண்டது’ என்பர். உண்மையில் இது நரம்பு அன்று. காலிலிருந்து இருதயத்திற்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு செல்லும் குழாய். மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்கின்றனர். பெயர்க் குழப்பத்தால் நரம்புக்குச் சத்து மாத்திரை விழுங்கிக் காலம் கடத்துவோர் பலர்.

மோட்டார் பம்புக்குப் பேர்போன கோவையில் இந்நோயை விளக்குவது எளிது. கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு பழுதானால் ஏறிய நீர் மீண்டும் கிணற்றுக்கே இறங்கிவிடும் அல்லவா? கால் ரத்தக் குழாய்களிலும் அத்தகைய வால்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. கெண்டைக்கால் தசையே மோட்டார். நடக்கும்போது அது சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் மோட்டார் ஓடுவதில்லை. ரத்தம் தேங்கிக் குழாய் விரியும். வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட இயலாமல் போகும். ஆகவே நடப்பது தீங்கன்று, நின்ற இடத்திலேயே நிற்பதுதான் தீங்கு. பரம்பரை, பிள்ளைப்பேறு, உடற்பருமன், முதுமை ஆகியனவும் காரணங்களாம். ஐவேளைத் தொழுபவருக்கு இந்நோய் அணுகாது என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு நாம் சொல்லமாட்டோம். மேற்சொன்ன சகோதரர் ஒரு வக்தும் தவறவிடாதவர்.

மாலையில் கால் கனத்தல், கணுக்கால் வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடித்திழுத்தல், அரிப்பு ஆகியன தொடக்கம். தோல் கறுத்துவிட்டால் அடுத்தது புண். அதற்கு முன்பே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் செல்லுங்கள். டாப்ளர் ஸ்கேன் எந்த வால்வு பழுது எனக் காட்டிவிடும். இன்று லேசர் மூலமும், ஊசி மருந்து செலுத்தியும் பழுதான குழாயை அடைத்துவிடுகின்றனர். ரத்தம் வேறு நல்ல குழாய்கள் வழியே சென்றுவிடும். முடிச்சு உடைந்து ரத்தம் பீறிட்டால் அஞ்சி ஓடாதீர்கள். உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவமனைக்கு ஆள் அனுப்புங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அது நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

இனி வணிகப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் துணிக்கடைப் பெண்கள் அமரும் உரிமை கேட்டுப் போராடினர். 2018இல் கேரளத்தில் அது சட்டமாயிற்று. நம் மாநிலத்திலும் 2021 செப்டம்பரில் சட்டமன்றம், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்தது. பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை தர வேண்டும். வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பதே அது. அண்மையில் ஒப்பணக்காரத் தெருவிலும் பெரிய கடைவீதியிலும் சில கடைகளுக்குச் சென்றோம். ஸ்டூல் இருந்தது; அதன்மேல் துணிக்கட்டு அமர்ந்திருந்தது! நம் ஜமாஅத்தாரின் கடைகளும் அவற்றில் உண்டு. வாடிக்கையாளர் மரியாதைக் குறைவாக எண்ணுவார் என்கிறீர்கள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்கட்டும். வராத மூன்று மணி நேரம் எதற்காக நிற்க வேண்டும்? மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்து தொழும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ரப்பின் முன்னிலையில் கிடைக்கும் சலுகை கல்லாப்பெட்டியின் முன்னிலையில் மறுக்கப்படலாமா?

பணியாளர்களும் அரைமணிக்கொரு முறை நாலடி நடந்து, குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இரவில் காலுக்குத் தலையணை வைத்து உயர்த்திப் படுங்கள்.

இறுக்கமான காலுறை அணியும்படி மருத்துவர் கூறுவதுண்டு. காலையில் வீக்கம் தொடங்குமுன் அணிந்து, இரவில் கழற்ற வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது. நம்மவர்க்கு இதில் ஒரு சிரமம்: ஒளூவுக்காகக் கழற்றினால் மீண்டும் அணிவது பெரும்பாடு. அதனாலேயே பலர் காலுறையை அலமாரியில் போட்டுவிடுகின்றனர். லுஹருக்குச் செய்த ஒளூவை இயன்றால் அஸர் வரை காத்துக் கொள்ளுங்கள். கழற்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அவர் எழுதித் தந்ததுடன் நம்மிடம் தனியே வாருங்கள். மஸஹ் பற்றிய சட்டத்தை அவரவர் நிலைக்கேற்ப ஆராய்ந்து சொல்வோம்.

அந்தச் சகோதரர் சிகிச்சை பெற்றார். புண் ஆற நான்கு மாதமாயிற்று. காலுறையை மாட்ட இன்றும் அவருக்குக் கால்மணி நேரம் பிடிக்கிறது. அவர் போன்றோருக்காக ஒளூச் செய்யுமிடத்தருகே சாய்வு நாற்காலிகள் இரண்டு போட்டிருக்கிறோம். தயவுசெய்து அவற்றின்மீது துண்டையும் பையையும் வைக்காதீர்கள். வஸ்ஸலாம்.